ஜெண்டர் பட்ஜெட் படிவத்தில் "30 போடு" என்கிறார்கள். உண்மையில் எப்படிக் கணக்கிடுவது?

நாலாம்மாடி | செவ்வாய், மாலை 6:40

வணக்கம். மத்திய அரசின் கீழ் இயங்கும் ஒரு பயிற்சி அமைப்பின் மண்டல அலுவலகத்தில் பட்ஜெட் செக்‌ஷனில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் மண்டலத்தில் 11 பயிற்சி நிலையங்கள். வருஷா வருஷம் டெல்லியிலிருந்து ஜெண்டர் பட்ஜெட் படிவம் ஒன்று வரும். திட்டத்தின் பெயர், மொத்த ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கான தொகை, சதவீதம். நாலே நாலு கட்டம்.

இந்த வருஷம் அது என் மேசைக்கு வந்திருக்கிறது. எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கப் பழைய ஃபைலைப் புரட்டினேன். போன வருஷம் 30. அதற்கு முன்பு 30. ஐந்து வருஷமும் 30. ஒரே ஒரு வருஷம் மட்டும் யாரோ பென்சிலில் 27 என்று எழுதி, ரப்பரால் அழித்து, அதன் மேலேயே பேனாவில் 30 போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 27 இன்னும் தெரிகிறது. நோட் ஷீட்டில் ஒரு வரி விளக்கம் இல்லை.

சூப்பிரண்டிடம் கேட்டேன். "முப்பதுக்குக் கீழே போனால் பார்ட் பி-யில் வராதும்மா, கேள்வி வரும். 30 போட்டு அனுப்பு" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

இதை உருப்படியாகச் செய்ய வழி இருக்கிறதா? இல்லை நானும் 30 போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கவா?

---

பழைய_பேரேடு | செவ்வாய், இரவு 8:15

அம்மா, அந்த 27 போட்ட புண்ணியவானை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் ஒருவர்தான் எண்ணியிருக்கிறார்.

நான் டெல்லியில் ஓர் அமைச்சகத்தின் நிதிப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் படிவத்தில் போடும் எண்ணெல்லாம் மத்திய பட்ஜெட்டோடு வரும் ஜெண்டர் பட்ஜெட் அறிக்கைக்குத்தான் போகிறது. அந்த அறிக்கை பிறந்ததிலிருந்து கூடவே இருந்தேன். 2005-06 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது முதன்முதலில் வந்தது. அதற்கு முன்பே ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், அதாவது 1997 முதல் 2002 வரை, "மகளிர் கூறுத் திட்டம்" என்று ஒன்று இருந்தது. பெண்கள் சம்பந்தப்பட்ட துறைகளில் 30 சதவீத நிதியாவது பெண்களுக்குப் போக வேண்டும் என்றது. உங்கள் ஃபைலில் உட்கார்ந்திருக்கும் 30-க்குத் தாத்தா அதுதான்.

பிறகு அறிக்கையை இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டம் என்றால் பார்ட் ஏ. 30 முதல் 99 சதவீதம் என்றால் பார்ட் பி. 29 வந்தால்? எங்கும் இடமில்லை. அறிக்கையில் உங்கள் துறையின் பெயரே வராது. பெயர் வராவிட்டால் மேலிடத்தில் "உங்கள் துறை பெண்களுக்கு ஒன்றும் செய்யவில்லையா?" என்பார்கள். அதனால் எல்லாரும் 30 போடக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் 34 எடுத்தவனுக்கு ஒரு மார்க் போட்டுத் தூக்கிவிடுவார்களே, அதே கதை.

2024-25-இலிருந்து பார்ட் சி வந்துவிட்டது. 30-க்குக் குறைவானவையும் அதில் போகலாம். ஆகவே உங்கள் சூப்பிரண்டு சொல்லும் காரணம் காலாவதியாகிவிட்டது. பழக்கம் மட்டும் காலாவதியாகவில்லை.

---

எதிர்க்கேள்வி | செவ்வாய், இரவு 8:52

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். ரோடு போட்டால் ஆணும் நடப்பான், பெண்ணும் நடப்பாள். அதில் இத்தனை சதவீதம் பெண்ணுக்கு என்று எப்படிப் பிரிப்பது? அப்புறம், ஆண்களுக்கான பட்ஜெட் அறிக்கை எங்கே?

---

தரவுப்பூச்சி | செவ்வாய், இரவு 9:30

@எதிர்க்கேள்வி முதல் கேள்வி நல்ல கேள்வி. இரண்டாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்: அறிக்கையில் வராத மிச்சம் எல்லாம் என்ன என்று நினைக்கிறீர்கள்?

விளையாட்டில்லை. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். இந்த 201 நிமிஷ வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒரு பயிற்சி வகுப்பையோ பேருந்து நேரத்தையோ குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையோ முடிவு செய்தால், யாரும் திட்டமிடாமலேயே அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் தேவையில்லை.

ஆகவே ரோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லவில்லை. அந்த ரோடு யாரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று, டெண்டருக்கு முன்னால் கேட்கச் சொல்கிறோம். சதவீதம் அந்தக் கேள்வியின் நிழல்தான். நம் ஊரில் நிழலைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம்.

பையன்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களும் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது.

---

கண்டக்டர்_மகள் | செவ்வாய், இரவு 10:05

ரோடு தெரியாது, பஸ் தெரியும். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். 2021 மே 8-ஆம் தேதி சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது எல்லாரும் இனி அப்பாவுக்கு வேலை குறைந்துவிடும் என்று நினைத்தோம். கூடிவிட்டது! காசு வாங்கவில்லையே தவிர, ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டணமில்லா டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து எந்த டிக்கெட் கட்டிலிருந்து எத்தனை போச்சு என்று எண்ணுவார். பிறகு திருநங்கைகளுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, அவர்களோடு வரும் உதவியாளருக்கு என்று தனித்தனி டிக்கெட்.

"காசே இல்லாத டிக்கெட்டை எதுக்குப்பா எண்ணணும்?" என்று கேட்டேன். "இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் கவர்ன்மெண்டு கார்ப்பரேஷனுக்குப் பணம் தரும்" என்றார்.

---

தரவுப்பூச்சி | செவ்வாய், இரவு 10:20

@கண்டக்டர்_மகள் உங்கள் அப்பா ராத்திரி எண்ணியது நம் நாட்டில் அரிதான சமாச்சாரம். திட்டம் நடக்கும் அதே நொடியில், யார் பயன்படுத்துகிறார் என்பது பதிவாகிறது. பின்னால் யாரும் உட்கார்ந்து 30, 35 என்று யூகிக்க வேண்டாம். மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்தபோது ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொல்ல முடிந்தது. அந்தத் தொகை வீட்டுச் செலவுக்குத்தான் போகிறது என்பது வேறு.

குறையும் உண்டு. டிக்கெட் எண்ணிக்கை ஏறியவர்களை மட்டும்தான் சொல்லும். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்கிறார்கள் என்று தள்ளிப்போய் நிறுத்திய பஸ்ஸை எந்த டிக்கெட்டும் சொல்லாது.

---

கண்டக்டர்_மகள் | செவ்வாய், இரவு 10:31

அதைப் பற்றி அப்பாவிடம் கேட்டால் டிரைவர் பக்கம் கையைக் காட்டுவார். :)

---

எதிர்க்கேள்வி | புதன், காலை 7:10

சரி, பஸ் விஷயம் புரிகிறது. ஆனால் மத்திய அரசின் அறிக்கையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 2023-24-இல் சுமார் 2.23 லட்சம் கோடி, 2024-25-இல் 3.27 லட்சம் கோடி, 2025-26-இல் 4.49 லட்சம் கோடி. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. பெண்கள் வாழ்க்கை இரண்டு மடங்கு நன்றாகிவிட்டதா என்ன?

---

பழைய_பேரேடு | புதன், காலை 9:45

தம்பி, இப்போதுதான் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

மொத்த பட்ஜெட்டில் 2025-26-இல் 8.86 சதவீதம் என்று அறிவித்தார்கள். 49 அமைச்சகங்களும் துறைகளும் கணக்குக் கொடுத்தன. தொகை கூடியதில் ஒரு பங்கு புதுப் பணம். இன்னொரு பங்கு, முன்பே ஓடிக்கொண்டிருந்த பணத்துக்குப் புதிதாகச் சீட்டு ஒட்டியது. 2024-25-இல் பார்ட் சி பிறந்தபோது அதில் 15,000 கோடி ஒரே திட்டத்திலிருந்து வந்தது: பி.எம். கிசான். விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபாய் போடும் திட்டம். மொத்தம் 60,000 கோடி, அதில் கால்வாசி பெண்களுக்கு. அந்தத் திட்டம் முந்தைய வருஷமும் ஓடியது, அதே பெண்களுக்குப் பணமும் போனது. அறிக்கையில் மட்டும் அன்றுதான் பிறந்தது. நான் இதைத் தப்பு என்று சொல்லவில்லை. 25 என்று எழுதியது நாணயம். ஆனால் போன வருஷத்தோடு ஒப்பிட்டு "ஆஹா உயர்ந்துவிட்டது" என்பதுதான் பொய்.

பார்ட் ஏ இன்னும் வேடிக்கை. கிராமப்புற வீடு கட்டும் திட்டத்தின் முழுத்தொகையும் அங்கே போகும். 2023-24-இல் பார்ட் ஏ மொத்தம் 88,044 கோடி. அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு திட்டம்தான். காரணம், வீடு பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ பதிவாக வேண்டும் என்ற விதி. பட்டாவில் பெயர் ஏறுவது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஜாயிண்ட் பெயரில் உள்ள வீட்டை நூற்றுக்கு நூறு பெண்ணுக்கு என்று எழுதினால், அந்த வீட்டுக்காரர் திண்ணையிலா படுத்திருக்கிறார்?

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். நூறு நாள் வேலையில் 2023-24-இல் மனித உழைப்பு நாட்களில் சுமார் 59 சதவீதம் பெண்கள். தமிழ்நாட்டில் 80-க்கும் மேல். ஆனால் 2024-25 அறிக்கையில் அந்தத் திட்டத்துக்குப் பெண்கள் பங்காகக் காட்டியது மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 2005 சட்டத்தில் பயனாளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று ஒரு விதி இருந்தது. யாரோ மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டைப் பார்க்காமல் அந்த விதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பெண்கள் அதிகம் வரும் திட்டத்தில் குறைத்தும், எண்ணவே முடியாத திட்டத்தில் கூட்டியும்!

இதற்கெல்லாம் மூல காரணம் காலண்டர். ஒதுக்கீடு பற்றிய பேச்சுவார்த்தை இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். எண்ணை உறுதி செய்த பிறகுதான் இந்த அறிக்கைக்கான தகவலைக் கேட்பார்கள். பந்தி முடிந்த பிறகு எச்சில் இலையை எண்ணி, இத்தனை பேர் பெண்கள் என்று எழுதுவது மாதிரி. யாருக்குக் கூட்டு வைத்தோம், யாருக்கு வைக்கவில்லை என்று இலையில் எப்படித் தெரியும்?

---

வைகைக்கரை | புதன், மதியம் 1:20

ஐயா சொன்ன பந்திக் கதைக்கு நான் சமையல்கட்டிலிருந்து பேசுகிறேன்.

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து 2025 ஜனவரி வரை ஊராட்சித் தலைவராக இருந்தேன். 50 சதவீத ஒதுக்கீட்டில் வந்த ஆள். முதல் வருஷம் என் வீட்டுக்காரரைத்தான் எல்லாரும் "தலைவரே" என்று கூப்பிட்டார்கள். அதை மாற்றவே ஒரு வருஷம் போயிற்று. அது தனிக்கதை.

ஜெண்டர் பட்ஜெட் என்ற வார்த்தையை அப்போது கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் இரண்டு காரியம் செய்தேன், அதுதான் இதுவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று, தெருவிளக்கு. அப்போது ஊராட்சிக்கு வந்த நிதி ஆணையப் பணத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டு வந்தது. மிச்சமுள்ள நாற்பதில்தான் நம் இஷ்டம். அதில் விளக்குக்கு எஸ்டிமேட் வந்தது. எல்லா விளக்கும் கோயில் தெருவுக்கும் மந்தைக்கும்தான். ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கிற இடம். மில்லுக்குப் போகும் பிள்ளைகள் ராத்திரி பத்தரைக்கு மெயின் ரோட்டில் வேனை விட்டு இறங்கி, கருவேலங்காட்டு ஓரமாகக் காலனிக்கு நடப்பார்கள். நாலு பேராகச் சேரும் வரை இறங்கின இடத்திலேயே நிற்பார்கள். கிராம சபையில் இதை யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் கிராம சபை பகல் 11 மணிக்கு, அந்தப் பிள்ளைகள் அப்போது மில்லில். அடுத்த முறை கிராம சபைக்கு முந்தின ராத்திரி மகளிர் குழுக்காரர்களை வீட்டு வாசலில் உட்கார வைத்துப் பட்டியல் எழுதி வாங்கினேன். எட்டு விளக்கில் ஆறு அந்தப் பாதைக்குப் போனது. மந்தைக்காரர்கள் ஆறு மாசம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது தண்ணீர். டேங்க் ஆபரேட்டர் காலை பத்தரைக்கு மோட்டார் போடுவார். அந்த நேரத்தில் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு வீட்டில் ஒருத்தி வேலைக்குப் போகாமல் குடத்தோடு நிற்க வேண்டும், பெரும்பாலும் பெரிய பொண்ணு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம். ஆபரேட்டரைக் கூப்பிட்டு ஆறு மணிக்குத் திற என்றேன். "என் தூக்கம்?" என்றார். சண்டை, சமாதானம், கடைசியில் ஆறு மணிக்கு வந்தது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

---

தரவுப்பூச்சி | புதன், மதியம் 2:05

அக்கா, இதுதான் இது. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை என்பதுதான் இந்த இழையின் மொத்தப் பிரச்சினையே.

---

பாறசாலைக்காரன் | புதன், மாலை 5:30

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. கேரளத்தில் 1996-இல், உள்ளாட்சிகளே திட்டம் போடும் மக்கள் திட்டம் தொடங்கிய கையோடு, உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 சதவீதம் மகளிர் கூறுக்கு என்று கட்டாயமாக்கினார்கள். அக்கா சொன்ன மாதிரி ஆட்களுக்கு அது கையில் ஓர் ஆயுதம். "அந்த 10 எங்கே?" என்று வார்டு உறுப்பினர் கேட்கலாம்.

ஆனால் கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஒதுக்கியாயிற்று, என்ன செய்வது என்று தெரியவில்லை. மார்ச் மாசம் வந்துவிடும். உடனே தையல் மெஷின். அடுத்த வருஷமும் தையல் மெஷின். எங்கள் வார்டில் தைத்துக்கொடுக்கத் துணி இருந்ததைவிட மெஷின் அதிகம் இருந்தது. எங்கள் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ வேரூன்றி, அதன் அக்கம்பக்கத்துக் குழுக்களான அயல்கூட்டங்களிலிருந்தே தேவை எழுந்து வர ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் மாறியது. 2017-18-இல் மாநில பட்ஜெட்டோடு பாலின அறிக்கையை மறுபடி கொண்டுவந்தார்கள்.

பிலிப்பைன்ஸிலும் இதே கதைதான் என்று படித்தேன். ஒவ்வொரு துறையும் குறைந்தது 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 1990-களின் நடுவிலிருந்து சட்டம். மீதி 95 சதவீதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் அங்கேயும் புகார்.

---

மார்கழிப்பனி | புதன், இரவு 9:00

உரிமைத் தொகையைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2023 செப்டம்பர் 15-இலிருந்து ஒரு கோடிக்கு மேல் பெண்களுக்கு மாதம் 1,000. 2025-26 மாநில பட்ஜெட்டில் அதற்கு மட்டும் 13,807 கோடி. இதைவிடப் பெரிய ஜெண்டர் பட்ஜெட் உண்டா?

---

எதிர்க்கேள்வி | புதன், இரவு 9:12

ஓட்டுக்குக் கொடுக்கும் காசெல்லாம் ஜெண்டர் பட்ஜெட்டா?

---

மார்கழிப்பனி | புதன், இரவு 9:20

உங்கள் வீட்டில் சமைப்பது யார் சார்?

---

இழைக்காவலர் | புதன், இரவு 9:41

இதற்குப் பிறகு வந்த பதினான்கு பதிவுகளைக் கட்சி அரசியல் இழைக்கு நகர்த்திவிட்டேன். யாருடைய வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதைத் தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

---

தரவுப்பூச்சி | புதன், இரவு 11:15

நகர்த்தியதில் ஒரு நல்ல விஷயமும் போய்விட்டது, அதை மட்டும் இங்கே சொல்கிறேன். பெயரைக் கவனியுங்கள். "உதவி" இல்லை, "உரிமை". மேலே நான் சொன்ன 289 நிமிஷத்துக்கு அரசு முதல் தடவையாக ஏதோ ஒரு விலை போட்டிருக்கிறது. அந்த வகையில் பெரிய விஷயம்தான். ஆனால் ஆயிரம் ரூபாய் வந்ததால் 289 என்பது 280 ஆகாது. அதைக் குறைப்பது குழந்தை மையமும், வாசலில் வரும் குழாயும், சாயங்காலம் ஏழு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடமும். பணத்தை அனுப்புவது சுலபம், அங்கன்வாடியை மாலை வரை திறந்து வைப்பது கஷ்டம்.

அந்த அங்கன்வாடியையே எடுங்கள். அதை நடத்துவது முழுக்கப் பெண்கள். பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரிலிருந்து மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் மேலே போட்டுத் தருகின்றன. அந்தச் செலவைப் பெண்களுக்கான செலவு என்று பெருமையோடு காட்டுகிறோம். சம்பளம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்று கொடுக்கும் திட்டத்துக்கு நான் அவ்வளவு மார்க் போட மாட்டேன்.

வரவுப் பக்கத்தையும் யாரும் தொடுவதில்லை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை சொத்துப் பதிவு செய்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அதில் அரசு விட்டுக்கொடுக்கும் வருமானமும் ஒரு ஒதுக்கீடுதான். சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு, சத்தம் வந்தபிறகு 2018 ஜூலையில் எடுத்தார்களே, அந்த விகிதத்தை முடிவு செய்த மேசையில் இந்தக் கேள்வி எழுந்திருந்தால் ஒரு வருஷ ரகளை மிச்சம்.

---

நாலாம்மாடி | வியாழன், இரவு 8:30

எல்லாருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் கொஞ்சம் தோண்டினேன். சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

நிலையங்களிலிருந்து மாதா மாதம் வரும் ரிட்டர்னில் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். ஆண் பெண் பிரிவு கிடையாது. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. 11 பேருக்கும் போன் போட்டேன். ஒன்பது பேர் ஒரு மணி நேரத்தில் எண்ணிச் சொல்லிவிட்டார்கள். மொத்தச் சேர்க்கை 1,840, பெண்கள் 515. சரியாக 28 சதவீதம்.

அப்போது ஒரு நிலையத்துக் கிளார்க் சும்மா இருக்காமல் "மேடம், சேர்ந்தவங்க எண்ணிக்கையா, விடுதியில இருக்கிறவங்களையும் சேர்த்தா?" என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாலு நிலையங்களில் விடுதி இருக்கிறது. நாலும் ஆண்கள் விடுதி! வார்டன் சம்பளம், மெஸ், கரண்ட், பராமரிப்பு எல்லாம் அதே திட்டத்தின் அதே கணக்குத் தலைப்பில்தான் புக் ஆகிறது. மண்டலத்தின் மொத்தச் செலவு 9 கோடியே 20 லட்சம். அதில் விடுதி மட்டும் 1 கோடியே 60 லட்சம். அதில் பெண்களுக்கு ஒரு ரூபாய் இல்லை. மீதி 7 கோடியே 60 லட்சத்தில் 28 சதவீதம் என்றால் 2 கோடியே 13 லட்சம் வருகிறது. மொத்தத்தில் 23 சதவீதம்.

தலையை எண்ணினால் 28, பணத்தை எண்ணினால் 23, படிவத்தில் 30.

இன்னொன்று. சேர்ந்த 515 பெண்களில் முடித்தவர்கள் 356 பேர்தான். ஏன் என்று கேட்டால் "கல்யாணம் ஆகிப் போயிடுதுங்க மேடம்" என்பது எல்லா நிலையத்திலும் ஒரே பதில், ஒப்பித்த மாதிரி. ஒரே ஒரு பெண் பயிற்றுநர் மட்டும் வேறு சொன்னார். இரண்டாவது பேட்ச் இரவு ஏழரைக்கு முடிகிறது. கடைசி டவுன் பஸ் ஏழு பத்துக்கு. அப்புறம், பெண்கள் கழிப்பறைச் சாவி முதல்வர் அறையில் இருக்கிறது. கேட்டு வாங்கி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "பதினெட்டு வயசுப் பொண்ணு, எல்லார் முன்னாடியும் போய் எத்தனை தடவை கேப்பா மேடம்?" என்றார்.

நாளை 23 போடப்போகிறேன். பயமாக இருக்கிறது.

---

பழைய_பேரேடு | வியாழன், இரவு 9:05

பயப்படாதே அம்மா. சொல்லும் முறையில் சொன்னால் யாரும் கடிக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால் "டைப்பிங் மிஸ்டேக்" என்று அங்கேயே 30 ஆக்கிவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். கூடவே ஒரு பக்கக் குறிப்பு வை. போன வருஷம் வரை உத்தேசம், இந்த வருஷம் பதிவேட்டின்படி என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. "தவறு" என்ற வார்த்தை வேண்டாம். "கணக்கிடும் முறை செம்மைப்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுது. பழைய ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் மேலே எங்காவது இருப்பார்கள்.

சூப்பிரண்டின் இனிஷியல் இல்லாமல் அனுப்பாதே. 2007 மார்ச் 8-ஆம் தேதி நிதியமைச்சகம் ஜெண்டர் பட்ஜெட் செல்களுக்கு, அதாவது அமைச்சகங்களில் இதற்கென்று உள்ள பிரிவுகளுக்கு, ஒரு சாசனம் அனுப்பியது. அந்த செல் வெறும் தகவல் சேகரிக்கும் கிளை இல்லை, திட்டங்களை ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். உன் அமைச்சகத்திலும் அப்படி ஒரு செல் காகிதத்திலாவது இருக்கும். குறிப்பில் அதன் பெயரைச் சொல்லி நகல் போடு. தூங்குகிற செல்லுக்கு ஒரு கடிதம் வந்தால் அதற்கும் சந்தோஷம்தான்.

---

எதிர்க்கேள்வி | வியாழன், இரவு 9:48

நான் எதிர்க்கட்சிதான், இருந்தாலும் அந்தச் சாவி விஷயம் என்னை அசைத்துவிட்டது. ஒரு ஆணி அடித்து வெளியே மாட்ட முடியாதா?

ஒரு சந்தேகம் மட்டும். 23 என்று தெரிந்த பிறகு என்ன? அறிக்கையில் உண்மையை எழுதினால் விடுதி வந்துவிடுமா? பெண் குழந்தையைக் காப்போம் திட்டத்தில் 2016-19-இல் விடுவித்த சுமார் 447 கோடியில் 79 சதவீதம் விளம்பரத்துக்கே போனது என்று நாடாளுமன்றக் குழு 2021-இல் சொன்னதே. அந்தத் திட்டம் அறிக்கையில் நூற்றுக்கு நூறு பெண்களுக்கானதுதான்.

---

தரவுப்பூச்சி | வியாழன், இரவு 10:30

தானாக வராது. அறிக்கை ஒதுக்கீட்டைச் சொல்லும், போஸ்டருக்குப் போனதா பிள்ளைக்குப் போனதா என்று சொல்லாது. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதி 2013-இல் 1,000 கோடியோடு தொடங்கியபோதும் பல வருஷம் பணம் செலவாகாமல் கிடந்தது என்பதுதான் செய்தி.

ஆஸ்திரியாவில் வேறு மாதிரி செய்கிறார்கள். அரசியலமைப்பிலேயே 2009 முதல் இருக்கிறது. ஒவ்வொரு அமைச்சகமும் பட்ஜெட்டோடு சேர்த்து ஐந்து இலக்குகள் வரை சொல்ல வேண்டும், அதில் ஒன்றாவது ஆண் பெண் சமத்துவம் பற்றி. எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை, "எதை மாற்றப் போகிறாய், அடுத்த வருஷம் மாறியதா?" என்று கேட்கிறார்கள். நாலாம்மாடியின் கணக்கில் அந்த ஒரு இலக்கு "515-இல் 356" என்ற இடத்தில் இருக்கிறது. 23-ஐ 30 ஆக்குவதைவிட 356-ஐ 450 ஆக்குவது நல்ல பட்ஜெட்.

---

வைகைக்கரை | வியாழன், இரவு 10:44

முதலில் பஸ் டைமைப் பாரு கண்ணு. விடுதி ரெண்டு வருஷம் ஆகும். பேட்ச் நேரத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும்.

---

நாலாம்மாடி | ஏழு வாரங்கள் கழித்து, சனி, காலை 11:20

இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள்.

23 போட்டு, ஒரு பக்கக் குறிப்போடு அனுப்பினோம். சூப்பிரண்டு இனிஷியல் போட அரை நாள் எடுத்துக்கொண்டார். போடும்போது "அந்த 27 நான்தாம்மா எழுதினேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாம் நாள் டெல்லியிலிருந்து போன். பழைய_பேரேடு ஐயா சொன்னபடியே, "எண்ணில் பிழையா?" என்றார்கள். இல்லை, குறிப்பைப் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து மற்ற மண்டலங்களுக்கும் சேர்க்கைப் பதிவேட்டின்படி அனுப்பச் சொல்லி மெயில் போயிருக்கிறது. அதில் ஒரு மண்டலத்து நண்பர் என்னைத் திட்டுகிறார்.

பெண்கள் விடுதிக்கு எழுதியிருக்கிறோம். காலியாகக் கிடக்கும் ஒரு பிளாக்கைப் பிரித்துத் தரலாம் என்று ஒரு நிலையம் சொல்கிறது. தனி வழி, தனிக் காம்பவுண்டு வேண்டும், எஸ்டிமேட் போயிருக்கிறது. பதில் இல்லை.

பேட்ச் நேரம் மூன்று நிலையங்களில் ஆறரைக்கு முடிகிற மாதிரி மாறிவிட்டது. ஒரு நிலையத்தில் பயிற்றுநர்கள் மறுக்கிறார்கள், அவர்களுக்குக் காலையில் சீக்கிரம் வர வேண்டியிருக்கும். பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாவிக்கு ஆணி அடித்தாயிற்று.

---

புதுவரவு_77 | சனி, மதியம் 12:15

மேடம், எங்கள் அலுவலகத்துக்கும் அதே படிவம் வந்திருக்கிறது, திங்கட்கிழமை கடைசி நாள். நீங்கள் கணக்குப் போட்ட எக்செல் ஷீட் கிடைக்குமா? போன வருஷம் நாங்களும் 30தான்.

---

நாலாம்மாடி | சனி, மதியம் 12:22

தனிமடலில் அனுப்புகிறேன். ஒன்பதாவது வரிசையில் விடுதிச் செலவு தனியாக இருக்கும், அதை மற்றதோடு சேர்த்துவிடாதீர்கள். உங்களிடம் விடுதி இல்லை என்றால் வண்டி, பெட்ரோல் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த இடத்தில் பாருங்கள்.